பாய்ச்சல் ஏழுமலை என்ற பெயர்

செய்தி வந்தபோது நான் வேலூரிலிருந்து ஆரணிக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது அவர் கண்ணைத் திறக்கவே மாட்டார். கண்ணமங்கலம் தாண்டியதும் அவர் போன் அடித்தது. எடுத்தார், "எப்ப?" என்று ஒரு வார்த்தை கேட்டார், வைத்துவிட்டார். யாரென்று கேட்டேன். "வண்டிய ஓரமா நிறுத்து" என்றார். நிறுத்தினேன். "கைபிரேக் போட்டியா?" போட்டேன். "பி-ல போட்டியா?" அதையும் போட்டேன். அதற்குப் பிறகுதான், "ஏழுமலை போயிட்டாராம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்தாராம்" என்றார்.

முதலில் கைபிரேக், பிறகு பி என்கிற பார்க்கிங் கியர். இந்த வரிசையே ஏழுமலை சொல்லிக்கொடுத்ததுதான். "பி-ன்றது உள்ள இருக்கற சுண்டுவெரல் அளவு பூட்டு. முழு வண்டி பாரத்தையும் அது மேல ஏத்தி சாகடிக்காதீங்க" என்பார். அந்த வரிசை முடியும்வரை என் வீட்டுக்காரர் செய்தியை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

உங்களில் பலருக்கு ஏழுமலையைத் தெரியும். தேவிகாபுரத்தில் ஒரு கூலிக்கார வீட்டில் பிறந்தவர். சென்னையில் வெளிநாட்டுக் கார்களுக்கு சர்வீஸ் செய்யும் இடத்தில் கியர்பாக்ஸ் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, வந்தவாசி ரோட்டில் ஷெட் போட்டார். வாழ்ந்தது நாற்பத்தேழு வருடம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் வாய் நீளம்.

இப்போது பஸ் ஸ்டாண்டு எதிரில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'பாய்ச்சல் ஏழுமலை' என்று போட்டிருக்கிறது. கட்டியவர்கள் பாசமாகத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அது ஒரு மெக்கானிக்கின் மானத்தைக் கெடுத்த பெயர். அவர் கை வைத்த வண்டி தானாகப் பாயும் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பெயர் என்னால் வந்தது. அதை எடுக்கத்தான் இதை எழுதுகிறேன், அவர் ஆயிரம் தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும்.

நான் முள்ளிப்பட்டில் இருபத்தைந்து வருடம் தறியில் உட்கார்ந்தவள். பிறகு புடவை வியாபாரத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போனபிறகு வாரத்துக்கு மூன்று நாள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. வாடகை வண்டிக்காரர் ஒருவர் வந்தால் ஒருவர் வரமாட்டார். ஒருநாள் யாருமே வராமல், மறுநாள் அவருக்கு மூச்சு இரைத்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஐம்பது வயதில் லைசென்ஸ் எடுத்தேன். கிளட்ச் எனக்கு வரவில்லை. கியர் மாற்றும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பாலிதீன் பையை வாயில் வைத்துக்கொள்வார். நல்ல ஆட்டோமேட்டிக் கார் ஒன்று, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஏழுமலையிடம் போனேன்.

அவர் மூன்று கார்களை ஏற்பாடு செய்தார். மூன்றும் பெரிய கம்பெனி கார்கள், மூன்றும் ஆட்டோமேட்டிக். "வெளிய எல்லாம் ஒரே மினுமினுப்புதான்க்கா. உள்ள மூணும் மூணு ஜாதி" என்றார். என்னை ஓட்டச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, "அண்ணா, கண்ண மூடிக்கோங்க. கியர் மாறுது, குலுங்குதுன்னு தெரியறப்பல்லாம் ஒரு வெரல மடக்குங்க" என்றார். அவர் கியர்பாக்ஸ் பார்க்கும் முறை அது. எந்தப் புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் பின்சீட்டு விரல்தான் அவருக்குக் கணக்கு.

முதல் காரில் ஒரு விரல்கூட மடங்கவில்லை. "இது சி.வி.டி. ரெண்டு சக்கரம், நடுவுல ஒரு பெல்ட்டு. கியருன்னே ஒண்ணும் இல்ல, வழுக்கிகினே போவும்" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்திக் காட்டினார். எஞ்சின் கத்தியது, வண்டி மெதுவாகத்தான் ஏறியது. பின்சீட்டில் என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். "அண்ணனுக்கு சத்தம் ஆவாது" என்று ஏழுமலை அதை ஓரம் கட்டினார்.

இரண்டாவது, சிவப்புக் கார். அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது, மறைப்பானேன். வேலூர் ரோட்டில் பறந்தது, விரல் அசையவில்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஊர்ந்தபோது ஐந்து விரலும் மடங்கி, இன்னொரு கையையும் எடுத்தார். "இது டபுள் கிளட்ச்சு. ஒத்தப்படை கியருக்கு ஒரு கிளட்ச்சு, ரெட்டப்படைக்கு ஒண்ணு. அடுத்த கியர் ரெடியா காத்துகினு இருக்கும், அதான் அவ்ளோ வேகம். நெரிசல்ல ஊர்ந்தா சூடாயி தலையாட்டும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க தறியில மிதிகட்டை ரெண்டு இருக்குதே, அதாங்க்கா. ஒண்ணு எறங்குனா ஒண்ணு ஏறும்" என்றார். உடனே விளங்கிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தை அவர் பிறகு எத்தனை தடவை நொந்துகொண்டார் என்று எனக்குத்தான் தெரியும்.

மூன்றாவது காரில் மொத்தமாக இரண்டு விரல் மடங்கியது. "டார்க் கன்வர்ட்டர். நடுவுல எண்ணெய்தான். எஞ்சின் எண்ணெயச் சுத்தும், எண்ணெய் கியர்பாக்ஸச் சுத்தும். இரும்பும் இரும்பும் நேரா மோதிக்காது. பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும், குடிச்சிட்டுப் போவட்டும். பிரேக்க விட்டா தானா நவுரும், அத மட்டும் மறக்காதீங்க." என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, "இதுதான்" என்றார். அதையே வாங்கினோம்.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிறகு கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றினார். எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க, ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியைச் செருகி, ஒரு வாரம் இருக்கட்டும் என்றார். அது சூட்டை மட்டும் குறித்துவைக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை எங்கள் தெருவில் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, நீட்டிக் கட்டியிருந்தார்கள். சுற்றி முடிக்கும்வரை எந்த வண்டியும் போகாது, அது தெருவின் வழக்கம். எனக்கோ ஆஸ்பத்திரியில் எட்டரைக்குப் படுக்கை. தவறினால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஓரமாகப் போய்விடலாம் என்று வண்டியை விட்டேன். பக்கத்து வீட்டு ரேணுகா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இழை நீவிக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது, நின்றது, திடீரென்று பாய்ந்தது. மறுபடி நின்றது, மறுபடி பாய்ந்தது. பாவு கட்டிய முளைக்கம்பு முறிந்தது. ரேணுகா சாக்கடை ஓரத்தில் விழுந்தாள். முழங்கால் சிராய்த்ததோடு போயிற்று. வண்டி அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. பட்டு இழையெல்லாம் மண்ணில் கிடந்தது.

தெருவே கூடிவிட்டது. என் கொழுந்தன் கையை நீட்டினான். "சாவிய குடுங்க அண்ணி. தப்பு உங்களுதா, வண்டியுதா? உங்களுதுன்னா இனிமே நீங்க வண்டியத் தொடக்கூடாது." பின்சீட்டில் என் வீட்டுக்காரர், கால் வீங்கி, நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுத்தால் அவரை யார் கொண்டுபோவார்கள்? "நான் ஒண்ணும் பண்ணல. வண்டி தானா பாஞ்சிடிச்சி. ஏழுமலை கழட்டி மாட்டனதிலேருந்துதான் இப்படி" என்று கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் நான் அதை நம்பினேன்.

யாரோ போன் போட்டு ஏழுமலை பைக்கில் வந்து சேர்ந்தார். ஆளாளுக்கு ஏசினார்கள். அவர் அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துப் போனில் பார்த்தார். திரும்ப மேலே தள்ளிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். "என் வேலைதான். எண்ணெய் அளவு தப்பாயிடுச்சி" என்றார். "அண்ணி மேல தப்பு இல்லியே?" என்று கொழுந்தன் கேட்டான். "இல்ல. அண்ணனுக்கு நேரமாவுது, நான் அடக்கி ஓட்டிகினு போறேன். ஏறுங்கக்கா, ஜல்தி."

வேலூர் ரோட்டில் ஏறும்வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ரேணுகா செத்திருப்பாளே, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா என்றேன். அதுவரை வாங்க போங்க என்று பேசியவள். வண்டி தண்ணீர் போல் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பாயற வண்டின்னு சொல்லிட்டு அதுலயே இவர ஏத்திகினு போறீங்களே?" என்று கேட்டேன்.

"வண்டி பாயலக்கா" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் போனைக் காட்டினார். பெட்டி என் கால்களை எழுதி வைத்திருந்தது. பிரேக், ஆக்சிலேட்டர், பிரேக், ஆக்சிலேட்டர். ஒன்று இறங்கினால் ஒன்று ஏறியிருந்தது. "எடது காலு பிரேக்கு மேல, வலது காலு ஆக்சிலேட்டர் மேல. பயம் வந்ததும் தறி நெய்ஞ்சிட்டீங்க" என்றார். "நான்தான் அந்த மிதிகட்டை கதைய சொல்லி மூளையில ஏத்திட்டேன். அதனால என் தப்புன்னு சொன்னது முழுப் பொய்யும் இல்ல."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இதை அங்கயே சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "சொல்லியிருந்தா சாவி போயிருக்கும். நாளைக்கழிச்சி அண்ணன் எப்படி வருவாரு? என் பேரு கெட்டா சரி பண்ணிக்கலாம்." பிறகு கையை நீட்டினார். கொழுந்தன் நீட்டியது போலவே. "ஆனா சாவிய இப்ப என்கிட்ட குடுங்க. உங்க எடது காலு தூங்கக் கத்துக்கிற வரைக்கும் நான் ஓட்டறேன்."

ஏழு வாரம் அவரே ஓட்டினார், ஷெட்டைப் பூட்டிவிட்டு. வண்டி இன்னும் சரியாகவில்லை, அவர் ஓட்டினால்தான் அடங்கும் என்று ஊருக்குச் சொல்லிவைத்தோம். மற்ற நாட்களில் காலையில் ஏரிக்கரை மைதானத்தில் எனக்குப் பயிற்சி. என் இடது செருப்பைக் கழற்றி வாங்கி ஷெட்டில் ஆணியில் மாட்டிவிட்டார். வெறுங்காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைக்கவேண்டும். அது வெளியே வந்த ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, முதலிலிருந்து. அவர் திடீரென்று டேஷ்போர்டைத் தட்டுவார், நான் பதறுவேன், கால் துள்ளும். "இன்னும் முழிச்சிகினு இருக்குது" என்பார். பேஜார் பிடித்த வேலை. ஒருநாள் அவர் இருபது தடவை தட்டினார், கால் அசையவில்லை. சாவியைக் கொடுத்தார்.

அதற்குள் ஊர் அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. தன்னுடைய மூன்று பெரிய கார்களை அவரிடம் சர்வீஸுக்கு விட்டுவந்த பட்டு முதலாளி ஒருவர் அவற்றை சென்னைக்கு அனுப்ப ஆரம்பித்தார். டீக்கடையில் "ஏழுமல, இன்னிக்கி எது பாயுது?" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பார். நான் பார்த்திருக்கிறேன், டம்ளரைப் பிடித்த விரல் வெளுத்திருக்கும். சொல்லிவிடுகிறேன் என்று மூன்று தடவை கேட்டேன். "அண்ணன் போற வரைக்கும் வாய தெறக்காதீங்க" என்றார். நான்காவது தடவை நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. அண்ணனுக்கு முன்னால் அவர் போவார் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை.

உடலை எடுத்த மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். செருப்பு ஆணியில்தான் இருந்தது, தூசு படிந்து. அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்க்கா. என்கிட்ட மட்டும் சொன்னாரு" என்றாள் அவள். இத்தனை வருடம் என்னைப் பார்த்து அவள் ஒரு சொல் தவறாகப் பேசியதில்லை. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அதைக் காலில் போட மனம் வரவில்லை. காரில், அவர் பெட்டியைச் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், தூங்கக் கற்ற ஒரு காலும்தான்.

பேனர் கட்டியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், அந்த முதல் வார்த்தையை எடுத்துவிடுங்கள். அந்த கியர்பாக்ஸில் ஒரு குற்றமும் இருந்ததில்லை. முள்ளிப்பட்டு தெருவில் பாய்ந்தவள் நான். இதைப் படித்துவிட்டு என் கொழுந்தன் சாவி கேட்டு வருவான், வரட்டும். நாளைக் காலை ஏழு மணிக்கு வேலூர் கிளம்புகிறேன். இவர் இப்போது என் பக்கத்து சீட்டில்தான் வருகிறார், பின்சீட்டு காலியாக இருக்கிறது. அவன் அதில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, விரலை மடக்கிப் பார்க்கட்டும்.