தேங்காய்ப்பட்டணம் பேருந்தில், மடியில் வந்த பை

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தைப் பார்க்கக் கிளம்பினேன். உண்மையான காரணம் வேறு: பதினோரு மணி நேர ஒலிப்புத்தகம் ஒன்றை யாரும் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

நாகர்கோவிலில் காலை 9.10க்குப் பேருந்து. சுமார் 35 கிலோமீட்டர், 35 ரூபாய்.

கதையில் ஒரு நகரம். அரசு நடத்தும் விளையாட்டில் மனிதர்கள்தான் காய்கள். தெருக்கள் மந்திரத்தால் இடம் மாறும். அடுத்தவர் நீட்டும் பொருளை வாங்கினால் அவருடைய தண்டனையும் நம்முடையது. தக்கலை வருவதற்குள், முன்சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்ததைக் கவனித்துவிட்டேன்.

தக்கலையில் கூட்டம் ஏறியது. (பத்மநாபபுரம் அரண்மனைக்கு இங்கே இறங்க வேண்டும். திங்கள் விடுமுறை.) முப்பது வயதுப் பெண் ஒருவர் துணிப்பையை என் மடியில் வைத்தார்.

"தம்பி, இத கொஞ்சம் வச்சுக்கிடுங்க."

கூட்டம் அவரைப் பின்னால் தள்ளிவிட்டது. நிற்பவரின் சுமை உட்கார்ந்திருப்பவரின் மடிக்கு. வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனால் காதில் ஓடிய கதையில் ஒருவன் அப்போது ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருந்தான்.

ஏன் என்னிடம்? திரும்பினேன். அவர் தெரியவில்லை. பையைத் தரையில் இறக்கி, காலால் தள்ளி வைத்தேன்.

கருங்கலில் பாதிப் பேர் இறங்கினார்கள். அவர் முன்னால் வந்தார். "பை எங்க?"

கீழே காட்டினேன். மீன் விற்றுத் திரும்பும் அக்கா ஒருவரின் காலி அலுமினியப் பாத்திரம் அங்கே இருந்தது. அதிலிருந்து கசிந்த ஐஸ் தண்ணீரில் பை ஊறியிருந்தது.

உள்ளே அவருடைய நர்சிங் சான்றிதழ்கள். அசல். குவைத் வேலைக்காகப் பதினோரு மணிக்கு ஏஜென்டிடம் காட்ட வேண்டியவை. துப்பட்டாவால் ஒற்றி எடுத்தார். ஒன்றில் முத்திரையின் ஊதா மை கையெழுத்தின்மேல் பரவியிருந்தது.

"ஏலே, மடியில வச்சா கடிக்கவா செய்யும்?" என்றார் மீன்கார அக்கா.

"யாரோடதுன்னு தெரியல..."

"அவ தந்தத நான் பாத்தேனே. ஒனக்குக் காதுதான் அடச்சிருக்குன்னு நெனச்சேன்."

நர்ஸ் என்னைத் திட்டவில்லை. "இத எடுப்பாங்களா, அக்கா?" என்று அவரிடம்தான் கேட்டார்.

"காட்டிப் பாரு, மக்களே."

காகிதங்களை விரித்துவைக்க என் இருக்கையைக் கொடுத்து நின்றேன். மீன்கார அக்கா கை நீட்டினார். "ஒன் பையக் கொண்டா." கொடுத்தேன். வாரை மட்டும் விடவில்லை.

10.45க்குத் தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கினோம்.

போகிறவர்களுக்கு: துறைமுகத்தில் மதியச் சாப்பாடு 120 ரூபாய், மீன் தனி. குடை அவசியம். பேருந்தில் காதுகளைத் திறந்தே வைத்திருங்கள்.

திரும்பும் 12.40 பேருந்தில் நர்ஸ் ஏறுவதைப் பார்த்தேன். பை மார்போடு. சான்றிதழ்களை ஏற்றுக்கொண்டார்களா என்பது முகத்தில் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். நான் ஏறவில்லை.

அடுத்த பேருந்து 1.25க்குத்தான். நிறுத்தத்தில் நிழல் கிடையாது.