முற்றத்தில் பதிந்த பறை

இன்று கல்யாண வீடுகளுக்கும் சாட்டிக் கடற்கரைக் கொண்டாட்டங்களுக்கும் டிஜே என்று என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால், அதற்கு ஒரே ஒரு பாட்டுத்தான் காரணம். அந்தப் பாட்டின் உயிர் எட்டு விநாடிப் பறை.

அடித்தவர் புங்குடுதீவில் எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளுக்கெல்லாம் வருகிறவர். ராப் பாட்டுக்குப் பறை வேண்டும் என்று அவர் வீடு தேடிப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். காரியம் ஆகவேண்டுமே. முன்னறையில் போர்வைகள் தொங்கவிட்டு நான் செய்து வைத்திருந்த ஸ்டூடியோவுக்குள் அவரை ஏற்ற அம்மா விடவில்லை. முற்றத்தில் வைத்துச் செய்யச் சொன்னார். நானும் சரி என்றேன். காற்றுச் சத்தமும் சேர்ந்து பதியுமே என்பதுதான் என் கவலை, வெட்கங்கெட்டவன்.

மைக்கை முற்றத்தில் நட்டுப் பதிவைத் தொடங்கினேன். அடிக்க முன்னம் அவர் தொண்டையைச் செருமி, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னார்.

"இதுவும் பாட்டில வரும்தானே தம்பி?"

ஓம் என்றேன். பிறகு கணினியில் அதை வெட்டி எறிந்தேன். பாட்டு வெளிவந்தபோது, இசை என்ற இடத்தில் என் பெயர் மட்டுமே இருந்தது. கனடாவிலும் லண்டனிலும் எங்கள் சனம் அதற்கு ஆடிக் களைத்தது. அவர் என்னை றோட்டில் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனார்.

போன மாரியில் அப்பா செத்துப்போனார். பறை இல்லாமல் தன்னை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் செத்த மனிசன். நான் அந்தப் பறை அடிக்கிறவர் வீட்டுக்குப் போனேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவரோ என்னை உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு இருக்கச் சொன்னார்.

"எனக்கு ஏலாது தம்பி. என்ர அடி உங்களிட்டை இருக்குத்தானே, அதைப் போடுங்கோ."

ஊரில் பறை அடித்த மற்றவர்கள் அதை விட்டுக் கனகாலம். வேறு வழியில்லாமல் அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தேன். ஆட்டப் பாட்டின் எட்டு விநாடியைத் திரும்பத் திரும்பப் போட மனம் வரவில்லை. கணினியில் அப்படியே கிடந்த அன்றைய பதிவை, வெட்டாமல், முழுதாகப் போட்டேன்.

முதலில் செருமல் கேட்டது. பிறகு அவர் பெயர், அவர் தகப்பன் பெயர், எங்கள் வீட்டு நடுவில். அம்மா அழுகையை நிறுத்திவிட்டார்.

"இதுவும் பாட்டில வரும்தானே தம்பி?"

"ஓம்" என்றது என் குரல். சனம் முழுக்க என்னைப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் பறை தொடங்கியது.