பஸ் கணக்கும் பக்கத்து சீட்டும்

காலையில கீரனூர் பஸ் ஸ்டாண்டுல ஏறுனதும் ஜன்னலோரம் ஒக்காந்து, பக்கத்து சீட்டுல என் சாப்பாட்டுப் பையை வச்சிருவேன். குன்றாண்டார்கோவில் பக்கம் எங்களுது ரெண்டே டீச்சர் உள்ள பள்ளிக்கூடம். இன்னொரு டீச்சர் அடுத்த ஸ்டாப்புல ஏறும், என்னைவிடச் சின்னப் புள்ள. நாலு வருசமா அந்த எடம் அதுக்குத்தான். யாராச்சும் பையை எடுக்கச் சொன்னா "ஆள் வருதுங்க"ன்னு சண்டைக்கு நிப்பேன்.

அந்தப் புள்ள கையில எப்பப் பாத்தாலும் போன். வாட்ஸ்அப்புல ஆசிரியர் குழு, பேஸ்புக்குல ஆசிரியர் பக்கம். எங்கிட்டோ ஒரு டீச்சர் அட்டைப்பெட்டியில கடிகாரம் செஞ்சா, இங்கயும் செய்யும். செஞ்சதைப் படம் புடிக்கும். "இதெல்லாம் யாருக்குங்க அனுப்புறீங்க?"ன்னு கேட்டா சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்புலயே ஒரு சந்தேகம்.

எங்கிட்ட இருந்த ஒரே சரக்கு பஸ் கணக்கு. பெஞ்சை வரிசையாப் போட்டா பஸ். ஒரு புள்ள கண்டக்டர். "பதினாலு பேரு ஏறியாச்சு, அஞ்சு பேரு எறங்குனா மிச்சம் எத்தனை?" பதில் சொன்னாத்தான் விசில், இல்லாட்டி வண்டி நகராது. கழித்தல்னாலே கண்ணைக் கசக்குற புள்ளகூட கத்திக்கிட்டு சொல்லும்.

ஒருநாள் குழுவுல ஒரு வீடியோ. யாரோ வெளியூர் டீச்சர். அதே பெஞ்சு, அதே விசில், அதே "வண்டி நகராது". கீழ வரிசையா "அருமை டீச்சர்". எல்லாமே என் சரக்கு. வேற யாரு குடுத்திருப்பா? பக்கத்து ரூமு, கையில போன். வேலியே பயிரை மேஞ்சிருச்சுன்னு முடிவே பண்ணிட்டேன்.

கேட்டிருக்கணும். கேக்கல. மறுநாள் பையை மடியில வச்சுக்கிட்டேன். யாரோ ஒரு அம்மா கூடையோட பக்கத்துல ஒக்காந்துச்சு. அந்தப் புள்ள ஏறி, பாத்து, கம்பியைப் புடிச்சு நின்னுச்சு. அப்படியே ரெண்டு மாசம். மத்தியானச் சாப்பாடும் தனித்தனி. ஒரு தடவை, "நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா டீச்சர்?"ன்னு கேட்டுச்சு. "ஒங்களுக்கே தெரியும்"னுட்டேன். என்ன திமிரு எனக்கு!

பொறுக்க மாட்டாம கடைசியில குழுவுலயே கேட்டுட்டேன்: "இது என் வகுப்புல நான் பண்றது. ஒங்களுக்கு யாரு குடுத்தா?" அந்த வெளியூர் டீச்சர் ஒரு பழைய ஆடியோவை எடுத்துப் போட்டாங்க. "நீங்கதான் டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க. ரொம்ப நன்றி."

அமுக்குனா, என் குரல். போன வருசப் பயிற்சியில ஆளுக்கொரு செயல்பாட்டைக் குழுவுல போடச் சொன்னாங்க. கடமை முடிஞ்சாச் சரின்னு, வீட்டுக்கு வர்ற பஸ்ஸுலயே பேசி அனுப்பிட்டு மறந்தே போயிட்டேன். எனக்குப் பதிவு பண்ணத் தெரியாதுன்னு பக்கத்துல ஒக்காந்து பட்டனை அமுக்கிப் புடிச்சதே அந்தப் புள்ளதான். ஆடியோ முடியுறப்ப அதோட குரலும் கேக்குது: "சூப்பரா சொன்னீங்க டீச்சர்."

ஐயோ, பாவி நான். மறுநாள் பையைப் பக்கத்து சீட்டுல வச்சு, ரெண்டு பேருகிட்ட சண்டையும் போட்டு எடத்தைக் காப்பாத்துனேன். அந்தப் புள்ள ஏறுச்சு.

"வாங்க டீச்சர், ஒக்காருங்க. ஒங்களுக்குத்தான் எடம் போட்டு வச்சிருக்கேன்."

பையைப் பாத்துச்சு, என்னையும் பாத்துச்சு. மொகத்துல கோவமே இல்ல.

"இருக்கட்டுங்க டீச்சர். நின்னு பழகிருச்சு."