காலை 9.34, பச்சை டிக்

நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது. நேரமெல்லாம் என் போனிலேயே இருக்கிறது. இப்போது இரவு மணி 1.50. அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். சத்தம் வராமல் டைப் செய்கிறேன்.

நாங்கள் கச்சிராயபாளையம் பக்கம். போன வருடம் எங்கள் தெருவில் மருத்துவ அட்டைக்கு முகாம் போட்டார்கள். முகத்தைப் படம் பிடித்து ஏற்றிக்கொள்வார்கள். அட்டை இருந்தால் ஆபரேஷன் இலவசம். முகாமுக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். அம்மா கரும்பு வெட்டப் போயிருந்தாள். போன் செய்தேன்.

"பாதியில வுட்டு வந்தா மேஸ்திரி நாளைக்குக் கூப்ட மாட்டான். யாரையாவது உக்கார வெச்சிடு."

பக்கத்து வீட்டு அமிர்தம் அக்காவை உட்கார வைத்தேன். எழில்மதி என்று அம்மா பேர், என் போன் நம்பர், அக்காவின் முகம்.

பிறகு அக்கா தன் பேரில் அட்டை எடுக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனாள். அந்த முகம் ஏற்கெனவே எழில்மதி பேரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள்.

"இன்னா அபி, எம் மூஞ்சி எனக்கே இல்லன்றான். உங்கம்மா பேர்லேர்ந்து எம் மூஞ்சிய மொதல்ல எடுத்து வுடு."

"சரிக்கா" என்றேன்.

எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அக்கா முகத்தை எடுக்கச் சொன்னால் ஏமாற்றியது தெரிந்துவிடும், அம்மாவுக்கு அட்டை கிடையாது.

கார்த்திகையில் அக்காவைக் கரும்புக் காட்டில் பாம்பு கடித்தது. கொண்டுபோன ஆஸ்பத்திரியில் அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாதி வழியிலேயே அக்கா உயிர் போய்விட்டது...

மாசியில் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கள்ளக்குறிச்சியில் சேர்த்தோம். வியாழக்கிழமை ஆபரேஷன், தள்ளினால் உயிர் தங்காது என்றார் டாக்டர். அட்டை பார்க்கும் கவுன்டரில் இருந்த சிவசங்கர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"புதன் சாயங்காலத்துக்குள்ள போன்ல அம்மா மொகத்தக் காட்டி வெரிஃபை பண்ணிடு பாப்பா. இல்லன்னா ஆபரேஷன் இல்ல."

அம்மாவின் முகத்தைக் காட்டினேன். பொருந்தவில்லை.

துணி எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் பழைய போனில் அக்கா படம் ஒன்று இருந்தது. காது குத்தில் எடுத்தது. அதை என் போன் கேமரா முன் பிடித்தேன். புதன், மாலை 6.42.

'கண்ணைச் சிமிட்டவும்' என்று வந்தது.

அப்போதுதான் உறைத்தது. படம் எப்படிச் சிமிட்டும்? அழுகை வந்தது. போனை இறக்கப் போனேன்.

படம் சிமிட்டியது.

மெதுவாக... ஒரே ஒரு தடவை.

'கேமராவைப் பார்க்கவும்.'

அவள் கேமராவைப் பார்க்கவில்லை.

என்னைப் பார்த்தாள்.

டிங்...

பச்சை டிக்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் நடந்தது. அம்மா பிழைத்தாள்.

திங்கள் காலை வீட்டுக்கு அனுப்பும்போது மறுபடியும் முகம் கேட்டார்கள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். சிவசங்கர் அண்ணன் கேமராவை அம்மா பக்கம் திருப்பினார். 11.15. ஒரு நொடிகூட ஆகவில்லை.

டிங்...

"உங்கம்மாளுது சட்டுனு வுழுது பாரு. மூணு தடவையும் ஒரே அடிதான்."

"இதோட ரெண்டு தடவதாண்ணா."

திரையைத் திருப்பிக் காட்டினார். புதன் 6.42. திங்கள் 11.15.

நடுவில் ஒன்று. வியாழன், காலை 9.34. என் நம்பரிலிருந்து.

வியாழன் காலை என் போனில் சார்ஜ் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில், அணைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்தப் படத்தக் காட்டுங்கண்ணா."

பச்சைத் துணி. மேலே பெரிய விளக்கு.

மேசையில் அமிர்தம் அக்கா.

கண் திறந்திருந்தது.

"தியேட்டருக்குள்ள போன் எடுத்துக்கினு போனது யாரு?" என்று அவர் என்னைத்தான் திட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, ஆபரேஷன் அன்று தியேட்டருக்குள் இருந்த ரீத்தா சிஸ்டரிடம் ஓடினேன். வியாழன் 9.34-க்கு உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன்.

சிஸ்டர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"யார் சொன்னா ஒனக்கு? அப்பதான் உங்கம்மாவுக்கு நெஞ்சு நின்னுச்சி. நாலு நிமிஷம். முடிஞ்சிபோச்சின்னு கைய எடுத்துட்டோம். அப்பறம் தானா வந்துது."

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா, நல்லாதான் இருக்காங்க. முழிச்சதும் பேரு கேட்டேன், அமிர்தம்னாங்க. மயக்கத்துல அப்பிடித்தான் ஒளறுவாங்க, போ."