நான்கு ஸ்பேனர், ஐந்து சத்தம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் ஒரு வீடு மூன்று வருடம் பூட்டிக் கிடந்தது. உள்ளே யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள் என்று தெருவே பேசியபோது, நான்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அங்கிருந்த பெருச்சாளியைத் துரத்திவிட்டு வந்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறேன், மற்ற நாளெல்லாம் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறேன், நடுவில் பேய்க்கு எங்கே நேரம்? மெஷின் நின்றாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், சத்தம் வந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றுதான் இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

பெங்களூரில் ஒரு ஜவுளித் தொழில்நுட்பக் கல்லூரியில் லேப் இன்ஸ்ட்ரக்டர் வேலை எனக்கு. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். புது லேபுக்குப் பின்னால் ஓடு போட்ட பழைய கூடம் ஒன்று உண்டு. நூற்பாலைப் படிப்பு இந்த ஊரில் ஆரம்பித்த காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த நான்கு மெஷின்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. கடைசியில் சுவரை ஒட்டி நிற்கிற கார்டிங் மெஷின் பஞ்சைச் சீவிக் கொடுக்கும், மற்ற மூன்றும் அதை இழுத்து, மெலிதாக்கி, முறுக்கி நூலாக்கும். மேலே ஒரே தண்டு, அதிலிருந்து நான்குக்கும் தோல் பெல்ட். வாசல் பக்கம் இருக்கிற சுவிட்சைப் போட்டால் நான்கும் ஒன்றாக ஓடும். அந்தக் கார்டிங் மெஷினைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் வயிற்றில் ஆள் உயரத்துக்கு ஒரு உருளை, உருளை முழுக்க ஊசி மாதிரி கம்பிப் பல். ஓடும்போது உள்ளே கை போனால் கை திரும்பி வராது.

மூன்று வருடத்துக்கு முன்னால், பழைய மாணவர்கள் வருகிறார்கள், அந்த மெஷின்களை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று முதல்வர் சொன்னார். இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து ஓட வைத்தேன், புதுசாகப் பச்சை பெயின்டும் அடிக்க வைத்தேன். மல்லேஸ்வரத்துப் பெண் ஹரிணி, மூன்றாம் வருட மாணவி, பீரோவைக் குடைந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு மாணவன் எழுதிய செய்முறை நோட்டு. பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் மெஷின் படம், தான் நூற்ற நூலை அட்டையில் சுற்றி ஒட்டியிருந்தான். அதில் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு விதி. மெஷினை ஓட்டுவதற்கு முன் வாத்தியார் தூணில் ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்ட வேண்டும், கார்டிங்கில் ஆரம்பித்து ஒவ்வொரு மெஷினில் நிற்பவனும் பதிலுக்கு ஒரு தட்டு, எல்லாப் பதிலும் வந்த பிறகே ஓட்ட வேண்டும்.

"மேடம், நாமளும் இதே மாதிரி பண்ணலாம் மேடம், வர்றவங்களுக்கு சூப்பரா இருக்கும்" என்றாள்.

"பண்ணித் தொலைங்க" என்றேன்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மதியம் ஒத்திகை. நல்ல மழை, ஓட்டின் மேல் கொட்டுகிறது, இருந்தாலும் உள்ளே பட்டப்பகல் வெளிச்சம்தான். நான்கு மெஷின், நான்கு மாணவர்கள், கார்டிங்கில் ஹரிணி. நான் சுவிட்ச் பக்கம். தூணில் மூன்று தட்டுத் தட்டினேன். ஹரிணி தட்டினாள், அடுத்தவன், அதற்கடுத்தவள், கடைசிப் பையன். நான்கு. கையைச் சுவிட்சில் வைத்துவிட்டேன், உண்மையாகச் சொல்கிறேன், விரல் அதன் மேல் இருக்கிறது, அப்போது கார்டிங் பக்கமிருந்து இன்னொரு 'டங்'.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஹரிணி, என்ன விளையாட்டு இது?"

"நான் ஒரு வாட்டிதான் மேடம் தட்டினேன், பிராமிஸா."

"நீ அங்க நிக்கவே வேணாம், இங்க வா."

அவளை என் பக்கத்தில் நிறுத்தி, ஸ்பேனரையும் பிடுங்கி வைத்துக்கொண்டு மறுபடி மூன்று தட்டினேன். மூன்று பேர் நின்றார்கள், மூன்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும். சரி, மனப்பிரமை என்று சொல்ல வாயெடுக்கிறேன், யாருமே இல்லாத கார்டிங் மெஷினிலிருந்து 'டங்'. மெதுவாக இல்லை, தெளிவாக, இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். ஹரிணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னமோ தெரியவில்லை, எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது, எவனோ என்னை முட்டாளாக்குகிறான் என்று. நேராக நடந்து போய் மெஷினைச் சுற்றிப் பின்பக்கம் குனிந்து பார்த்தேன்.

அடியில் இருந்த குழியில் மஞ்சு படுத்திருந்தான்.

மஞ்சு எங்கள் அட்டெண்டர், நாற்பது வயது ஆள், எட்டாவது படிக்கிற ஒரு மகள் இருக்கிறாள். உருளைக்கு அடியில் சேர்ந்த கழிவுப் பஞ்சை அள்ளிக்கொண்டிருந்தான். காதில் இயர்போன். வலது கை தோள்வரைக்கும் உள்ளே, அந்தக் கம்பிப் பல்லுக்கு நடுவில். நான் காலைத் தட்டியதும்தான் திரும்பிப் பார்த்தான். காலையில் அவனிடம் அடியில் சுத்தம் பண்ணச் சொன்னதே நான்தான். சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்திருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் மேடம், ஏனாயித்து?" என்று, என்ன ஆயிற்று என்பதைக் கன்னடத்தில் கேட்டபடி வெளியே வந்தான்.

"நீ தட்டினியா மஞ்சு?"

"நான் ஏன் மேடம் தட்டறேன்? ஒரு கை உள்ள, இன்னொரு கையில முறம்தானே இருந்துச்சு."

அவனிடம் ஒரு பிளாஸ்டிக் முறமும் கோணிப்பையும்தான் இருந்தன, இரும்பு என்று ஒரு ஆணிகூட இல்லை. விஷயத்தைச் சொன்னதும் தன் வலது கையை இடது கையால் பிடித்துப் பார்த்தான். பிறகு காபி வேண்டும் என்றான். அவன் போன பிறகு போன் வெளிச்சத்தில் மெஷினை அலசினேன், காரணம் கிடைக்காமல் நான் விடுகிறவள் இல்லையே. சுவர்ப் பக்கத்துக் காலில், முழங்கால் உயரத்தில், புதுப் பச்சை பெயின்ட் இரண்டு இடத்தில் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. அந்தக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்தான். என் கை போகவில்லை. ஸ்பேனரை ஓங்குவதற்கு அங்கே ஏது இடம்?

அன்று மாலை அந்த நோட்டை முதன்முதலாக ஒழுங்காகப் படித்தேன். கார்டிங் பாடம் வரைக்கும் முத்து முத்தான எழுத்து. அந்தப் பாடம் பாதியில் நிற்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து எழுத்து கோணல், இடது பக்கம் சாய்கிறது, ஒவ்வொரு வரியிலும் மை இழுபட்டிருக்கிறது. என் பையன் இடதுகைக்காரன், அவன் நோட்டெல்லாம் இப்படித்தான், எழுதிய வரியின் மேலேயே கை நகர்ந்து மையைத் தேய்த்துக்கொண்டு போகும். அட்டையில் நூல்கூட அதற்குப் பிறகு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. ஸ்பேனரால் தட்டுகிற அந்த விதி, கோணல் எழுத்தில்தான் இருக்கிறது, முதல் வரியாக. அவன் பெயர் தெரியாமல் போனதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் நிகழ்ச்சி நன்றாக நடந்தது. நான்கு பதில் வந்தது, ஐந்தாவதற்காகக் காத்திருந்தேன், வரவில்லை, ஓட்டினேன். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்காக ஓட்டுகிறோம், ஒரு நாளும் கூடுதலாகக் கேட்கவில்லை. பெயின்ட் பெயர்ந்த அந்த இரண்டு இடத்தையும் நான் மூட விடவில்லை.

போன மாதம் மகள் பிரசவத்துக்காக மூன்று வாரம் லீவில் இருந்தேன், நான் இல்லாதபோது வேறு ஒருவர் வகுப்பு எடுத்தார். திரும்பி வந்து ஸ்டாக் சரிபார்க்கும்போது சும்மா குனிந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் பெயர்ந்திருந்தது. மூன்றாவது புதுசு, இரும்பு பளபளவென்று இருந்தது. வகுப்பு எடுத்தவரைக் கேட்டேன், "தட்டறதா? அதெல்லாம் நான் பண்றதில்லையே மேடம்" என்றார். மஞ்சுவைக் கேட்டேன், தனக்கு ஒன்றும் தெரியாது என்றான்.

மறுநாள் காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பெயருக்குப் பதில் சொன்ன ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்த்தேன், இரண்டு கையையும். எல்லோருக்கும் இருந்தது. எவருடைய கை அன்று உள்ளே போயிருந்தது என்று எனக்குத் தெரியாது, எதிலிருந்து தப்பியது என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது.