ஒன்று முதல் நாலு வரை சத்தம் போடாதீர்கள்

துணி தைக்கிறவளுக்கு ஊரில் பாதிப் பேர் எதிரி. தைத்த துணியைத் தெருவில் நடக்க விடுகிறவளுக்கு மீதிப் பாதியோடு தெரு நாய்களும் சேர்த்தி.

உங்களில் யாராவது, ‘வெள்ளிக்கிழமை ரெடியாயிடும்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை முழுக்க வாசல் மணிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தவர் என்றால் நீங்கள் என் ஆள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் திருப்பூர்க்காரி. பேட்டர்ன் வெட்டுகிற கை. கல்யாணமாகிப் புனே வந்து, ஔந்தில் குடித்தனம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் காலர் வெட்டினேன். ஒரு நாள் எல்லாக் காலரும் ஒரே காலராகத் தெரிய ஆரம்பித்தது. வேலையை விட்டுவிட்டு, வழியில் போகிறவர்களுக்கெல்லாம் விசித்திரமாக உடுப்புத் தைத்து, அவர்களையே போடச் சொல்லி, பார்க்கிலும் சந்தையிலும் நடக்க வைத்தேன். மேடை கிடையாது, மாடல் கிடையாது. நடந்தவர்களுக்கே அந்த உடுப்பு சொந்தம்.

வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் ஆள். எதற்கும் ஒரு கெடு வைப்பார். இதற்கு வைத்தது இரண்டு வருஷம். அது முடிகிற சமயத்தில் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது. மும்பையில் கைத்தறிக் கடை வைத்திருக்கிற ஒரு அம்மா என் அடுத்த ஷோவைப் பார்க்க வருவதாகவும், பிடித்திருந்தால் ஒரு வருஷத்துக்குத் தன் கடை மாடியை எனக்குத் தருவதாகவும் சொன்னார். பழைய கம்பெனியும், முதல் தேதிக்குள் வந்தால் அதே நாற்காலி காலியாக இருக்கும் என்றது. ஆக, ஒரே ஒரு ஷோ. தேறினால் மும்பை மாடி, தேறாவிட்டால் காலர்.

வெங்காய வலை

அதற்கு முன்னால் என் முதல் ஷோவைச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் நான் எந்த லட்சணத்தில் ஆரம்பித்தேன் என்று தெரியும். காய்கறிச் சந்தையில் வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பைகளைச் சேர்த்து, துவைத்து, அடுக்கடுக்காக வைத்து ஒரு நீளப் பாவாடை தைத்தேன். போட்டுக்கொண்டு வந்தவர் அதே சந்தையில் கொத்தமல்லி விற்கிற பெண். காலை வெயில் வலைக்குள் புகுந்து தரையெல்லாம் சிவப்புக் கட்டம் கட்டமாக விழுந்தது. எனக்கே மெய்சிலிர்த்தது.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா விலகி வந்தார். பாவாடையின் ஓரத்தைப் பிடித்து, விரல் விட்டு இழுத்துப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன். அவர் கேட்டது மராத்தியில், தமிழில் தருகிறேன்.

“இதுல இருந்த வெங்காயம் எங்கே?”

சுபேதார் ஐயாவின் பூட்ஸ்

அந்த அம்மா கேட்ட கேள்வி என்னை விடவில்லை. வலை என்னுடைய ஆசை. உடுத்துகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அளவு எடுப்பதற்கு முன்னால், தூக்கத்தில் வருகிற ஒரு கனவைச் சொல்லச் சொல்வேன். அதைத்தான் தைப்பேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான். ஜனங்களுக்கு வருகிற கனவுக்கெல்லாம் எந்தக் கடையில் லைனிங் கிடைக்கும், சொல்லுங்கள்?

புனேயிலேயே வானவடிப் பக்கம் ஒரு சுபேதார் ஐயா. ஆரணிப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டார். மீசையைப் பார்த்தால் கனவுகூட அவரிடம் சல்யூட் அடித்துவிட்டுத்தான் வரும் போலிருந்தது. மூன்று தடவை டீ குடித்த பிறகு, மெதுவாகச் சொன்னார். பரேடில் நிற்கிறாராம், இடது காலில் பூட்ஸ் இல்லையாம், ஜெனரல் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறாராம். அவ்வளவுதான் கனவு. வாரத்துக்கு ஒரு தடவை வந்துவிடுமாம்.

நான் அவருக்கு ஒரு பச்சைக் கோட்டு தைத்தேன். மேலே பட்டன், மடிப்பு எல்லாம் விறைப்பாக இருக்கும். இடுப்புக்குக் கீழே துணி இளகி, அகலமாகி, காலைச் சுத்தமாக மூடித் தரையில் புரளும். கால் இருக்கிறதா என்றே தெரியாது, அப்புறம் பூட்ஸுக்கு எங்கே போவது? கண்ணாடி முன்னால் வெறுங்காலோடு இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்தார். திரும்பி என்னைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

“ஏம்மா, இத்த முப்பது வருசம் முன்னாடியே தச்சுக் குடுத்திருக்கக் கூடாதா?”

கனவு இல்லாதவர்

எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டுக்குச் சப்பாத்தி போட வருகிறவர் மங்கல் தாயி. தாயி என்றால் இங்கே அக்கா. ஏரவாடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். காலை வீடுகள் பன்னிரண்டரைக்கு முடியும், சாயங்கால வீடுகள் ஐந்துக்குத் தொடங்கும். நடுவில் போய்விட்டு வர நேரம் பற்றாது. அதனால் ஊரே படுத்துத் தூங்குகிற மதியத்தில் அவர் மட்டும் எங்கள் மாடிப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கண்ணை மூடினால் வாட்ச்மேன் எழுப்பிவிடுவார். படியில் தூங்கக் கூடாது என்று குடியிருப்புச் சொசைட்டியில் தீர்மானம்.

எத்தனையோ நாள் அவரைத் தாண்டி மாடி ஏறியிருக்கிறேன். வீட்டுக்குள் வந்து படுங்கள் என்று ஒரு நாள் கூப்பிட்டேன், இது உங்கள் வேலை நேரம் இல்லையா என்று மறுத்துவிட்டார். இந்த ஷோவுக்கு நடக்கிறீர்களா என்று கேட்டதற்குச் சரி என்றார். என்ன கனவு வரும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்துவிடுவாராம். அதற்குள் கனவு வர எங்கே இடம்? பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு ஏன்டா கேட்டோம் என்று ஆகிவிட்டது. பரவாயில்லை, என்ன வேண்டுமோ அதைச் சொல்லுங்கள், தைக்கிறேன் என்றேன்.

“அப்படீன்னா, போட்டதும் தூக்கம் வர்ற மாதிரி ஒண்ணு தைச்சுக் குடு.”

ஆப்டே காகாவின் கதவு

ஷோவுக்கு இடம், பழைய ஊரில் பேட்டைத் தெரு ஒன்று. புனேயில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடையெல்லாம் சாத்தியிருக்கும். தெரு காலி, வண்டி இல்லை, கூட்டம் இல்லை. கனவு நடப்பதற்கு இதைவிட நல்ல தெரு ஏது என்று எனக்கு ஒரே குஷி. அங்கே பிளவுஸ் பிட்டும் லைனிங்கும் விற்கிற ஆப்டே காகாதான் தெருவுக்கே பெரியவர். காகா என்றால் இங்கே சித்தப்பா. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனேன். போனது எத்தனை மணிக்கு? ஒன்றரைக்கு. வெளியூர்க்காரி புத்தி. கடை மேல் மாடியில் வீடு, கதவில் ஒரு பலகை: ‘ஒன்று முதல் நாலு வரை கதவைத் தட்டினால் கதவுக்குத்தான் வலிக்கும்.’ படித்தேன். படித்துவிட்டும் தட்டினேன்.

பத்து நிமிஷம் கழித்து, தலை கலைந்து, பனியனோடு வந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் நாலு மணிக்கு ஒரு நிமிஷம் முந்தியும் பிந்தியும் தான் கடை திறந்ததில்லை என்பதை எனக்கு முதலில் தெரிவித்தார். தூக்கத்தைக் கெடுத்தவளிடம் அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பாட்டு கூடாது, மைக் கூடாது, கைதட்டல் கூடாது, செருப்புச் சத்தம் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“தெருவுல யாராவது முழிச்சுக்கிட்டா, நீயே வந்து தாலாட்டித் தூங்க வைக்கணும்.”

படுத்தால் அளவு வேறு

மங்கல் தாயிக்கு இந்த ஊர்க் கோதடி மெத்தை மாதிரியே, வெளுத்துப்போன பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு ஒரு நீள அங்கி தைத்தேன். விடியற்கால வானத்தின் நிறம். கண்வரை இழுத்துக்கொள்ள ஒரு முக்காடு. டிரையலுக்கு வந்தார், போட்டார், கச்சிதம். ஒரு வருஷமாவது இதை யாரிடமாவது காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவர் நேரே தரையில் படுத்தார். அவ்வளவுதான், மானம் கப்பலேறியது. கழுத்து இறுக்கியது, கக்கம் பிடித்தது, முழங்காலை மடக்கினால் அடி ஓரம் கெண்டைக்கால்வரை ஏறியது. ஒன்பது வருஷம் பேட்டர்ன் வெட்டியவள், தூங்கத் தைக்கிற துணிக்கு நிற்க வைத்து அளவு எடுத்திருக்கிறேன். மறுபடி பாயில் படுக்க வைத்து அளந்தேன். இடது கையைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. இடது கை முழுக்கப் பஞ்சு வைத்து, கக்கத்தில் சதுரத் துண்டு கொடுத்து, முதுகை அகலமாக்கினேன். இரண்டாவது டிரையலில் நாலு தடவை புரண்டு பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“நின்னா அசிங்கமா இருக்கு. படுத்தா சரியா இருக்கு.”

அந்த மதியம்

மழைக்காலம் முடிந்து வெயில் மெத்தென்று இருந்த நாள். இரண்டு மணி. ஷட்டர் எல்லாம் இறங்கியிருந்தது. மாடி ஜன்னல்களிலிருந்து மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் மெதுவாக இறங்கி வந்தது. ஒரு பூனை ஸ்கூட்டர் சீட்டில் சுருண்டிருந்தது. மும்பை அம்மா ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள், எல்லாருக்கும் வெறுங்கால். முதலில் சுபேதார் ஐயா வந்தார். கால் தெரியாமல், தரையில் மிதக்கிற மாதிரி, தெருவைக் கடந்தார். மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. பாதித் தூக்கத்தில் ஒரு முகம் பார்த்தது, நம்பாமல் மறுபடி சாத்திக்கொண்டது.

மூன்றாவதாக மங்கல் தாயி. ஆப்டே காகாவின் கடைப்படியில் கொஞ்ச நேரம் சாய்ந்து படுத்து, எழுந்து, மேலே நடக்க வேண்டும். அதுதான் ஒத்திகை. நடந்து வந்தார், படியில் படுத்தார், இடது கையைத் தலைக்கு வைத்தார், முக்காட்டை இழுத்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பக்கத்தில் போய்க் குனிந்தேன். மூச்சு சீராக வந்தது. பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள், மூலையில் மும்பை மாடி உட்கார்ந்திருக்கிறது. தோளைத் தொட்டால் எழுந்துவிடுவார். கையை நீட்டினேன். வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. அந்தத் தோளைத் தொட என்னால் முடியவில்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரிசையில் நின்றவர்களைப் பார்த்து விரலை வாயில் வைத்துக் காட்டினேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, சத்தமில்லாமல் ஆளுக்கொரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நீலமும் மஞ்சளும் புகை நிறமுமாக, தெரு நெடுக அவரவர் கனவுக்குள் அவரவர். சிலர் கண்ணயர்ந்துவிட்டார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை; அழுகை வந்தது, அழுதேன். மும்பை அம்மா முக்கால் மணி நேரம் பொறுத்தார். பிறகு எழுந்து வந்து என் காதருகில், மரியாதையாகத்தான் கேட்டார்.

“துணி எல்லாம் நல்லா இருக்கு. ஷோ எப்போ ஆரம்பிக்கும்?”

நாலு மணி

மும்பை அம்மாவின் கார் போய்விட்டது. என் மாடியும் அதில் ஏறிப் போய்விட்டது என்று தெரிந்தது. நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆப்டே காகா சாவியோடு இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. அவருடைய ஷட்டர் ஏறுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும். படியில் படுத்திருந்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுப்பிவிடுகிறேன் என்று சைகை காட்டினேன். ‘வேண்டாம்’ என்று கையசைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்ப்படியில் சுபேதார் ஐயா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். லைனிங் வாங்க வந்த இரண்டு பெண்களிடம் ரகசியக் குரலில் நாளைக்கு வரச் சொன்னார். நாலு ஐந்து ஆயிற்று. நாலு இருபது ஆயிற்று.

நாலே முக்காலுக்கு மங்கல் தாயி முக்காட்டை விலக்கினார். மணியைக் கேட்டார், திடுக்கிட்டார். சாயங்கால வீடுகள் நாலுக்கும் நான் போன் பண்ணிவிட்டேன், இன்றைக்கு ஒரு வேளை அவர்களே சப்பாத்தி தேய்த்துக்கொள்வார்கள் என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து, தெருவையும் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் கழுவிய மாதிரித் தெளிவாக இருந்தது. ஆசை யாரை விட்டது? குனிந்து, ஏதாவது கனவு வந்ததா என்று கேட்டேன்.

“ஒண்ணும் வரல. நல்லாத் தூங்கினேன்.”

முதல் தேதி பழைய நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி காலர் வெட்ட ஆரம்பித்தேன். ஆனாலும், இத்தனை வருஷத்தில் நான் தைத்ததிலேயே எதற்கென்று தைத்தேனோ அந்த வேலையைச் சரியாகச் செய்த ஒரே உடுப்பு, என் பிழைப்பைத் தூங்க வைத்த அதுதான்.