டீக்கடையில் விசாரித்த வேலை

ஐம்பது வயதைத் தாண்டிய ஜமீலுக்கு இன்டர்வியூ என்ற சொல்லைக் கேட்டாலே கால் வலித்தது. சவுதியில் ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கைக் கட்டி மேய்த்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு, திருச்சியில் அவர் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா இடத்திலும் வயதைக் கேட்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், போன் பண்ணுகிறோம் என்பார்கள். அவரும் நத்தர்ஷா தர்கா பக்கத்துச் சந்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து, "போன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க" என்பார். மனைவி நஜீமா பதில் பேசாமல் சோற்றுத் தட்டை எடுத்து வைப்பாள். திட்டினால்கூடத் தேவலை. அந்தப் பேசாமைதான் மனிதரை அரித்தது.

இந்தத் தடவை காட்டூரில் பைப், மோட்டார் சாமான் மொத்தமாக விற்கும் ஒரு கம்பெனி. ஸ்டோர் கீப்பர் வேலைக்கு ஒரு ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். இளைய மகள் இன்ஷா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பெனியைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் இன்டர்வியூவுக்குப் போக வேண்டும், கட்டாயம் கேட்பார்கள் என்று பாடம் எடுத்தாள். வெப்சைட்டில் கோட்டு போட்ட இரண்டு பேர் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு பைப் விற்கிறவன் எவன் என்று ஜமீலுக்கு எரிச்சல்தான் வந்தது. நம்பிக்கையே எங்கள் மூலதனம் என்று வேறு எழுதியிருந்தார்கள். சம்பளம் தேதிக்கு வருமா, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு விடுவார்களா, முதலாளி வாய் எப்படி என்று தெரிய வேண்டிய எதையும் காணோம்.

அவருக்குத் தெரிந்த ஆராய்ச்சி ஒன்றே ஒன்றுதான். மூத்த மகள் ஆலியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் வீட்டுத் தெரு டீக்கடையில் போய் உட்கார்ந்து, குடும்பம் எப்படி, குணம் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார். பெண்ணைக் கொடுக்கிற வீட்டை அப்படி விசாரிக்கலாம் என்றால், தன்னைக் கொடுக்கப் போகிற இடத்தை விசாரித்தால் என்ன? இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் காட்டூர் வழியாகப் போகும் துவாக்குடி பஸ் ஏறினார்.

கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே டீக்கடை இருந்தது. கம்பெனிக்குள்ளேயிருந்து ஒருவர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் வீரமலை, மணப்பாறைப் பக்கம். நாளைக்கு இங்கே ஸ்டோர் வேலைக்குக் கேட்டு வருகிறேன் என்று ஜமீல் பேச்சுக் கொடுத்ததும், மனிதர் எதையும் மறைக்கவில்லை. சம்பளம் தேதி தவறாமல் வந்துவிடுமாம். முதலாளி கத்துவார், ஆனால் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாராம். தன் சம்சாரத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது முகம் சுளிக்காமல் லீவு கொடுத்தார்களாம். ஜமீலுக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் நெஞ்சு லேசானது. அந்தச் சந்தோஷத்திலேயே, அண்ணனுக்கு உள்ளே என்ன வேலை என்று கேட்டார்.

"ஸ்டோர் கீப்பருங்க. ஆரம்பத்துலேர்ந்து நான் ஒருத்தன்தான்."

ஜமீல் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். விளம்பரத்தில் கேட்டிருந்ததும் உதவியாள் இல்லை, ஸ்டோர் கீப்பர்தான், அதுவும் ஒரே ஒரு ஆள். இவரை அனுப்பிவிட்டுத்தான் ஆள் எடுக்கிறார்களோ? வீரமலைக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

"ஒத்தையாளா முடியல, ஒரு ஆள் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன் பாய். இப்பதான் மனசு வந்திருக்கு போல. நீங்க வாங்க. ஜும்மாவுக்குப் போறதெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

டீக்கும் அவரே காசு கொடுத்தார். விளம்பரத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று ஜமீலுக்கு வாய் வரைக்கும் வந்தது. கூடவே நஜீமா தட்டு வைக்கிற கையும் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினார். வீட்டில், என்ன கண்டுபிடிச்சீங்க அத்தா என்று இன்ஷா கிண்டலாகக் கேட்டபோது, நல்ல கம்பெனிதான் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மேனேஜர் அருள்ராஜ் என்கிற சின்ன வயசுக்காரர், இன்ஷா சொன்ன கேள்வியையே கேட்டார். எங்கள் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்? ஜமீல் வீரமலை சொன்னதையெல்லாம், வீரமலையை மட்டும் விட்டுவிட்டு, அப்படியே ஒப்பித்தார். அருள்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வந்தவன் எல்லாம் வெப்சைட்டை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தான், நீங்கள்தான் உருப்படியாக விசாரித்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். சவுதியில் ஸ்டாக் முழுவதையும் கம்ப்யூட்டரில் பார்த்ததைக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப இருக்கறவருக்கு கம்ப்யூட்டர் வரல. மாசக் கடைசியோட நிறுத்திடறோம். அவருகிட்ட இன்னும் சொல்லல, நீங்களும் வெளியில சொல்லிக்க வேணாம். ஒண்ணாம் தேதி வந்து சேந்துக்குங்க."

சரிங்க சார் என்றார் ஜமீல். யோசிக்காமல் சொன்னார். கொஞ்சமாவது யோசித்திருக்கலாமே என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. வேலை கிடைத்தால் வரும் என்று இத்தனை நாள் காத்திருந்த சந்தோஷம் வரவில்லை. எங்காவது உட்கார்ந்தால் போதும் என்கிற அலுப்புதான் வந்தது.

ஸ்டோர் வாசலில் வீரமலை அவருக்காகவே காத்துக்கொண்டு நின்றார். ஆச்சா பாய் என்று கண்ணாலேயே கேட்டார்.

"போன் பண்றேன்னு சொல்லியிருக்காங்க."

எத்தனையோ வாசலில் கேட்டு, வீட்டில் வந்து உண்மையாகச் சொன்ன வார்த்தை. ஜமீல் இன்றைக்குத்தான் அதைப் பொய்யாகச் சொன்னார். வீரமலையின் முகம் வாடிப்போனது. கிட்டே வந்து தோளில் கை வைத்தார்.

"மனச விட்டுடாதீங்க பாய். உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்குறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. சாவிக்கொத்தை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, மேனேஜர் ரூம் பக்கம் நடந்தார்.